பெம் நட் கழன்று வருகிறது, பிரஸ்ஸில் டன் கூட்டியும் நிற்கவில்லை: ஓசூர் பக்கம் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சிட்கோ_தகடு | திங்கள், இரவு 9.40

வணக்கம். ஓசூர் சிட்கோவில் சின்னதாக ஷீட் மெட்டல் ஷாப் வைத்திருக்கிறேன். பதினான்கு பேர் வேலை செய்கிறோம். ஒரு டரட் பஞ்ச், இரண்டு பிரஸ் பிரேக், நட் அழுத்த ஆறு டன் ஹைட்ராலிக் பிரஸ் ஒன்று.

இந்த வருடம் எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஆர்டர் ஒன்று, எலக்ட்ரிக் வண்டி சார்ஜருக்கான கேபினட். கதவு 1.5 மிமீ எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அதில் ஆறு எம்5 செல்ஃப் கிளிஞ்ச் நட், அதாவது ஷீட் ஓட்டையில் பிரஸ்ஸால் அழுத்தி உட்கார வைக்கும் பெம் நட் (எம்5 என்றால் 5 மிமீ ஸ்க்ரூவுக்கானது). உள்ளே மவுன்டிங் பிளேட் 2 மிமீ சிஆர் (கோல்ட் ரோல்டு சாதா ஸ்டீல்), அதில் எட்டு எம்6. மாதிரி 20 செட் அனுப்பினோம், ஒரு குறையும் சொல்லாமல் பாஸ் செய்தார்கள். அடுத்து 150 செட் போனது. போன வாரம் மொத்தமும் திரும்பி வந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்தபோது அடி அட்டையில் மூன்று நட் தனியாகக் கிடந்தது. வண்டி ஆட்டத்திலேயே கதவிலிருந்து விழுந்திருக்கிறது. மற்ற கதவுகளில் கட்டை விரலால் அழுத்தினாலே சில நட் வெளியே வருகிறது. மவுன்டிங் பிளேட்டில் நட் விழவில்லை, ஆனால் ஸ்க்ரூவை முறுக்கும்போது சிலது கூடவே சுற்றுகிறது. எல்லாம் இல்லை, ஒரு பிளேட்டில் இரண்டு, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை, அப்படி.

முதலில் நட் சப்ளையரிடம் சண்டை போட்டேன். அப்புறம் பிரஸ்ஸில் அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். கதவில் நட்டைச் சுற்றி ஷீட் குழிந்ததுதான் மிச்சம், ஸ்க்ரூவும் பாதியில் இறுகுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்ல வேண்டும். எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

பிரஸ்ஷாப்_சூளகிரி | திங்கள், இரவு 10.15

தம்பி, முதல் வேலையாகப் பிரஸ்ஸைப் பழைய அழுத்தத்துக்கே இறக்குங்கள். எம்3 நட்டுக்கு சிஆர் ஷீட்டில் ஒன்று, ஒன்றரை டன். எம்6 என்றால் மூன்று டன் பக்கம். அதற்கு மேல் அழுத்தினால் நட்டின் உடம்பு நசுங்கி உள்மரை சுருங்கும். ஸ்க்ரூ பாதியில் இறுகுகிறது என்றீர்களே, அது இதுதான்.

அடுத்தது, கழன்று வந்த நட்டை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸில் பாருங்கள். தலைக்குக் கீழே பல் பல்லாக ஒரு வளையம் இருக்கும். அதற்கும் கீழே, கழுத்தைச் சுற்றி ஒரு சின்னப் பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்தில் ஷீட்டின் உலோகம் ஏறியிருக்கிறதா, துடைத்தது மாதிரி காலியாக இருக்கிறதா? பல் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? கதவு நட் ஒன்று, பிளேட் நட் ஒன்று, தனித்தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். நட் எதனால் கழன்றது என்பது அந்தப் பள்ளத்தில் தெரிந்துவிடும்.

வெல்டிங்_பர்கூர் | திங்கள், இரவு 10.32

இதற்குத்தான் நான் எப்போதும் வெல்டு நட் போடச் சொல்வது. ஒரு தடவை பற்ற வைத்தால் தலைமுறைக்கும் நிற்கும்.

சிட்கோ_தகடு | செவ்வாய், காலை 7.50

காலையில் முதல் வேலையாகப் பார்த்தேன் அண்ணா.

கதவு நட்டில் பள்ளம் புதுசு மாதிரி காலி. பல் எல்லாம் மழுங்கி, தேய்ந்த நாணயத்தின் ஓரம் போல இருக்கிறது.

பிளேட்டில் சுற்றுகிற நட் ஒன்றைத் தட்டி எடுத்தேன். பல் கூர்மையாகவே இருக்கிறது. பள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் மெல்லிசாக உலோகம் ஏறியிருக்கிறது, மறுபக்கம் இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

பிரஸ்ஷாப்_சூளகிரி | செவ்வாய், காலை 8.30

அப்படியென்றால் உங்களுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. கதவு வேறு, பிளேட் வேறு. முதலில் கதவு.

நம் ஊர்க்காரருக்குச் சொல்வதானால் களி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பு ஊற்றக் குழி செய்ய நடுவில் விரலை அழுத்தினால் களி பக்கவாட்டில் நகர்ந்து விரலைச் சுற்றி ஏறும் அல்லவா? நட்டின் பல் வளையம் ஷீட்டில் இறங்கும்போது அதேதான் நடக்கிறது. சூடு கிடையாது, பசை கிடையாது. பல் இறங்கிய இடத்து உலோகம் போக வேறு வழியில்லாமல் கழுத்துப் பள்ளத்துக்குள் நகர்ந்து அடைத்துக்கொள்கிறது. பள்ளத்தில் ஏறிய உலோகம் நட்டை வெளியே தள்ளவிடாது. பற்களுக்கு நடுவே புகுந்த உலோகம் நட்டைச் சுற்றவிடாது. பிரஸ் செய்வது நகர்த்துவது மட்டும்தான், அதற்கு அப்புறம் பிடித்து வைத்திருப்பது ஷீட்.

ஆகவே நட் ஷீட்டை விடக் கெட்டியாக இருந்தே ஆக வேண்டும். சாதாரண ஸ்டீல் நட்டை ஹீட் ட்ரீட் செய்து தருகிறார்கள், ராக்வெல் பி என்ற கெட்டித்தன்மை அளவில் 80 வரையுள்ள ஷீட்டுக்கு அது போதும். சிஆர் ஷீட் அதற்கு வெகு கீழே நிற்கும். ஆனால் சாதாரண எஸ்எஸ் நட், அதாவது கேட்டலாக்கில் சிஎல்எஸ் என்று வருவது, 300 வரிசை ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தது. அதற்கு ஷீட் ராக்வெல் பி 70-க்குள் இருக்க வேண்டும். அது அலுமினியத்துக்கும் மெத்தென்ற ஷீட்டுக்கும் உள்ள நட். உங்கள் கதவோ 304. நட்டும் ஷீட்டும் ஒரே சாதி உலோகம். போதாததற்கு, 304-ஐப் பஞ்ச் அடித்த உடனே ஓட்டையின் விளிம்பு இன்னும் கெட்டியாகிவிடும், அந்த உலோகத்தின் குணம் அது. அங்கே போய் நட்டை அழுத்தினால் ஷீட் நகராது, நட்டின் பல்தான் மழுங்கும். உங்கள் லென்ஸில் தெரிந்தது அதுதான்.

மாதிரி 20 கதவு மட்டும் எப்படிப் பாஸ் ஆனது? அதுவும் 304-தானா?

சிட்கோ_தகடு | செவ்வாய், காலை 8.47

இல்லை அண்ணா. மாதிரி கதவு சிஆர் ஷீட்டில் பவுடர் கோட் அடித்தது. வெயில் மழையில் நிற்கப் போகிற கேபினட் என்று அப்புறம்தான் 304-க்கு மாற்றினார்கள். ட்ராயிங்கில் மெட்டீரியல் வரி மட்டும் மாறியது. துரு பிடிக்கக்கூடாது என்று நட்டையும் எஸ்எஸ்ஸாக நானே மாற்றி வாங்கினேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தேன்.

தர_ஆய்வு_கிருஷ்ணகிரி | செவ்வாய், காலை 9.20

நான் ஒரு ஆலையில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். பிளேட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது ஓட்டை, நட் எடுத்த இடம். விளிம்பைச் சுற்றி ஒரு பளபளப்பான சரிவு வட்டம் தெரிகிறது. அது பல் அழுத்திய தடம் இல்லை, பல் தடம் கோடு கோடாக இருக்கும். அங்கே யாரோ கவுண்டர்சிங்க் பிட் வைத்து டீபர் செய்திருக்கிறார்கள், அதாவது விளிம்பில் நிற்கும் பர்ரை, கூரான பிசிறை, சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஓட்டையில் அந்த வட்டம் இல்லை.

நட் போடும் ஓட்டையில் பர் எடுக்கவே கூடாது. எந்தப் பக்கமும் கூடாது. கழுத்துப் பள்ளத்துக்குள் நகர வேண்டிய உலோகமே அந்த விளிம்புதான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் பல் எதை நகர்த்தும்? உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் உலோகம் ஏறியிருப்பது, பிட் கொஞ்சம் சாய்ந்து இறங்கியதால் இருக்கலாம்.

எல்லா ஓட்டையையும் ஒருவரே டீபர் செய்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். சில பிளேட் நன்றாக இருக்கிறது, சிலது இல்லை என்றால் ஷிஃப்ட் வித்தியாசமாகத்தான் இருக்கும்.

சிட்கோ_தகடு | செவ்வாய், மதியம் 1.10

மேடம், நீங்கள் சொன்னது அப்படியே சரி.

நைட் ஷிஃப்டில் கெலமங்கலத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். வேலையில் சேர்ந்து நாலு மாதம். போன் போட்டு எழுப்பிக் கேட்டேன். ஷிஃப்டில் நேரம் மிச்சம் இருந்தால் ஓட்டைகளை எல்லாம் கையில் பிட் வைத்து இரண்டு சுற்று சுற்றிவிடுவானாம். அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். சேர்ந்த முதல் வாரத்தில், ‘கை கிழிக்கிற மாதிரி ஒரு விளிம்பும் வெளியே போகக்கூடாது’ என்று சொல்லியிருந்தேன். அவன் அதை மனதில் வைத்து ஒழுங்காகச் செய்திருக்கிறான். பகல் ஷிஃப்டில் யாரும் செய்யவில்லை, அதனால் பகலில் ஓடிய பிளேட் எல்லாம் நன்றாக இருக்கிறது.

அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஓட்டையில் செய்ய வேண்டும், எதில் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பிரஸ்ஷாப்_சூளகிரி | செவ்வாய், மதியம் 1.45

பையனைத் திட்டாமல் விட்டது நல்லது. பல ஷாப்பில் நான் பார்த்த தப்பு இது. செய்வது எப்போதும் அக்கறையுள்ள ஆளாகத்தான் இருப்பான்.

ஓட்டையைப் பற்றி இன்னும் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். எம்5 நட்டுக்கு ஓட்டை 6.4 மிமீ. மேலே 0.08 வரை போகலாம், கீழே ஒரு மைக்ரான்கூடக் கூடாது. எம்6-க்கு 8.75, எம்4-க்கு 5.4, எம்3-க்கு 4.25. பஞ்ச் தேய்ந்து ஓட்டை சின்னதானால் கழுத்து இறங்காது, பெரிதானால் பிடிப்பு போய்விடும்.

பஞ்ச் அடித்த ஓட்டைக்கு இரண்டு முகம் உண்டு. பஞ்ச் இறங்கிய பக்கம் அளவு சரியாக இருக்கும். எதிர்ப்பக்கம், அதாவது அடியில் தாங்கும் டை பக்கம், உலோகம் பிய்ந்து விரிந்திருக்கும், பர்ரும் அங்கேதான் நிற்கும். நட்டைப் பஞ்ச் இறங்கிய பக்கத்திலிருந்து போட வேண்டும். ஷீட்டைத் திருப்பி அடுக்கிவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெண்டிங்குக்குப் பிறகு இது குழம்பிப்போகும்.

லேசரில் வெட்டினால் இந்த முகப் பிரச்சினை குறைவு. ஆனால் கதிர் உள்ளே நுழைந்து வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன மொட்டு நிற்கும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனில் வெட்டினால் விளிம்பு கருத்து, கெட்டியாகியும் போகும். வெளியில் லேசர் ஜாப் கொடுப்பவர்கள் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டிசைன்_தர்மபுரி | செவ்வாய், மாலை 6.20

எல்லாருக்கும் வணக்கம். நான் தர்மபுரி, டிசைன் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். இந்த இழையைப் படித்ததும் என் ட்ராயிங்குகளை எடுத்துப் பார்த்தேன், பயமாக இருக்கிறது. கேட்டலாக்கில் நட் பெயருக்குப் பின்னால் 0, 1, 2 என்று வருகிறதே, அது என்ன? நான் எல்லாவற்றுக்கும் 1 போட்டிருக்கிறேன். ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்? எம்4 நட்டைப் பெண்டிலிருந்து 5 மிமீயில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, அடிப்படைக் கேள்விதான். 1.5 மிமீ ஷீட்டில் நேராக டாப் அடித்து மரை போட்டால் ஆகாதா?

தர_ஆய்வு_கிருஷ்ணகிரி | செவ்வாய், இரவு 8.05

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். எம்5 மரையின் பிட்ச் 0.8 மிமீ. 1.5 மிமீ ஷீட்டில் டாப் அடித்தால் இரண்டு சுற்று மரைகூட முழுசாக வராது. இரண்டு தடவை கழற்றி மாட்டினால் வழுக்கிவிடும். தகடு மெலிசாக இருக்கும்போதும் நல்ல ஆழமான மரை வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நட்டே வந்தது. பென்சில்வேனியாவில் 1942-ல் தொடங்கிய பென் இன்ஜினியரிங் நிறுவனத்தின் பெயரிலிருந்துதான் பெம் என்ற பெயர். நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகியது போல, யார் செய்த நட்டாக இருந்தாலும் நம் ஷாப்களில் பெம் நட் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

0, 1, 2 என்பது கழுத்தின் நீளம். எம்5 வரை, 0 என்றால் ஷீட் குறைந்தது 0.8 மிமீ இருக்க வேண்டும். 1 என்றால் 1 மிமீ, 2 என்றால் 1.4 மிமீ. கழுத்து எப்போதும் ஷீட் தடிமனுக்குள் அடங்கிவிடும், மறுபக்கம் துருத்தாது. 1.5 மிமீ ஷீட்டுக்கு 1 போட்டாலும் நிற்கும். ஆனால் 2 போட்டால் கழுத்து நீளம், பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும். 0.8 ஷீட்டில் 1 போட்டால்தான் ஆபத்து. கழுத்து மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், அழுத்தும்போது அடியில் தாங்கும் அன்விலில் முட்டி நசுங்கும்.

எம்4-க்கு ஓட்டை நடுவிலிருந்து ஓரம் வரை ஏறக்குறைய 7 மிமீ வேண்டும். குறைந்தால் அழுத்தும்போது உலோகம் பள்ளத்துக்குள் போகாமல் வெளிப்பக்கம் பிதுங்கும், ஓரமே வீங்கித் தெரியும். பெண்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னும் மோசம், மடிக்கும்போது ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். அந்த 5 மிமீயை மாற்றிவிடுங்கள்.

நட் தலை எந்தப் பக்கம் என்பதையும் ட்ராயிங்கில் அம்பு போட்டுக் காட்டுங்கள். ஸ்க்ரூ எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அப்போதுதான் இறுக்க இறுக்க நட் ஷீட்டுக்குள் இன்னும் அழுந்தும். தலைப் பக்கத்திலிருந்து ஸ்க்ரூ வந்தால் நட்டைப் பெயர்த்து எடுக்கிற திசையில் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். எங்களிடம் வந்த ஒரு லாட்டில் இது ஒன்றுதான் தப்பு, மற்ற எல்லா அளவும் கச்சிதம். முழுவதும் ரிஜெக்ட் ஆனது.

டிசைன்_தர்மபுரி | செவ்வாய், இரவு 8.30

ரொம்ப நன்றி அக்கா. இன்றைக்கே மாற்றுகிறேன். கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

வெல்டிங்_பர்கூர் | புதன், காலை 7.15

இவ்வளவு பார்க்க வேண்டிய சமாச்சாரத்துக்குப் பதில் ப்ரொஜெக்‌ஷன் வெல்டு நட் போட்டால் முடிந்தது அல்லவா? வண்டி வேலையில் இருபது வருடமாகப் போடுகிறோம். டிரைவர் சீட்டுக்கு அடியில் போடுகிற நட் அது, உயிரே அதை நம்பித்தான் இருக்கிறது.

பிரஸ்ஷாப்_சூளகிரி | புதன், காலை 7.55

உங்கள் வேலைக்கு அதுதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2, 3 மிமீ ஷீட், பெரிய சுமை, ஆட்டம், அப்புறம் மொத்தமாகப் பெயிண்ட் என்றால் நானும் வெல்டு நட்தான் போடுவேன்.

ஆனால் நம் பகுதியின் வேலையே மாறிக்கொண்டு வருகிறது. அசோக் லேலண்ட் 1980-ல் ஓசூரில் ஆலை தொடங்கிய காலத்திலிருந்து லாரிக்கும் பைக்குக்கும் பாகம் செய்துதான் இங்கே ஷாப்கள் வளர்ந்தன. அப்போது தடித்த தகடு, வெல்டிங், பெயிண்ட் என்றே வேலை போகும். இப்போது சார்ஜர், பேட்டரி பெட்டி, கன்ட்ரோல் பேனல், எலக்ட்ரானிக்ஸ் அலமாரி. எல்லாம் 1, 1.2, 1.5 மிமீ. பாதி கால்வனைஸ்டு ஷீட், முன்னாலேயே பூச்சு வந்த ஷீட். அதில் வெல்டு வைத்தால் துத்தநாகம் எரிந்து புகையும், அந்த இடத்தில் பூச்சு போய்த் துரு ஏறும். எஸ்எஸ் கதவின் முகப்பில் வெல்டு வைத்தால் கருப்புத் தழும்பு, அப்புறம் பஃபிங். தகடு மெலிசு என்பதால் சூட்டில் நெளியும். மரைக்குள் பொறி தெறித்தால் திரும்பவும் டாப் ஓட்ட வேண்டும்.

இன்னொரு மாற்று ரிவெட் நட், ஓட்டையில் நுழைத்து இழுத்தால் உள்பக்கம் விரிந்து பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டுமே கை போகும் இடத்துக்கு, குழாய், மூடிய பெட்டி, பெயிண்ட் முடிந்த பிறகு மறந்துபோன ஓட்டை, இதற்கெல்லாம் அதைவிட நல்லது கிடையாது. 1930-களில் குட்ரிச் கம்பெனி விமான இறக்கையில் பனி நீக்கும் ரப்பரைப் பொருத்தக் கண்டுபிடித்தது. மெல்லிய அலுமினியத் தோல், உள்ளே கை போகாது, அப்படிப் பிறந்தது. ஆனால் விளிம்பு வெளியே துருத்தும். உடம்பு வழுவழுப்பாக இருந்தால் ஓட்டையில் சுற்றிக்கொள்ளும்.

பவுடர்கோட்_மத்திகிரி | புதன், காலை 10.40

கோட்டிங் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். நட் போட்ட பிறகு எங்களிடம் கொடுப்பதாக இருந்தால் மரைக்கு சிலிகான் பிளக் போடச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். பவுடர் கோட் 60, 80 மைக்ரான் ஏறும், மரையில் ஏறினால் ஸ்க்ரூ போகாது. அப்புறம் டாப் ஓட்டுவார்கள், டாப் நட்டின் மேலுள்ள பிளேட்டிங்கைச் சேர்த்து எடுத்துவிடும், மரைக்குள் துரு வரும். பிளக் பல தடவை பயன்படும், பெரிய செலவு இல்லை.

துத்தநாக பிளேட்டிங் என்றால் முறை தலைகீழ். ஷீட்டுக்கு பிளேட்டிங் முடித்துவிட்டு நட் போடுங்கள். நட் போட்டபின் ஆசிட் தொட்டியில் இறக்கினால் தலைக்கும் ஷீட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஆசிட் தங்கும். பத்து நாள் கழித்து நட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து வழியும், பழி எங்கள் மேல் வரும். அலுமினியம் அனடைசிங்கும் அப்படித்தான், முதலில் அனடைஸ், அப்புறம் நட்.

சிட்கோ_தகடு | புதன், இரவு 9.05

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பகல் ஷிஃப்டில் செய்த பிளேட் ஒன்றையும், நைட் ஷிஃப்ட் பிளேட் ஒன்றையும் எடுத்து, நட்டோடு சேர்த்து நடுவில் ஹேக்ஸாவால் அறுத்தேன். எமரி பேப்பரில் 120, 400, 800 என்று தேய்த்து, லென்ஸில் பார்த்தேன். பகல் பிளேட்டில் நட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் கோடே தேட வேண்டியிருந்தது. ஷீட் உலோகம் கழுத்துப் பள்ளத்தின் மூலை வரை போய் உட்கார்ந்திருக்கிறது. நைட் பிளேட்டில் பள்ளத்தில் பாதி, தலைக்கடியில் முடி நுழையும் அளவு கருப்பு இடைவெளி. பையனையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் லென்ஸை எடுக்கவே இல்லை. ‘நான் எடுத்துப் போட்ட தூளெல்லாம் இங்கே போக வேண்டியதா அண்ணா’ என்று கேட்டான்.

பத்து வருடமாக இந்த நட்டை அழுத்துகிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். ஷாப் வைத்திருக்கிற எல்லாரும் ஒரே ஒரு தடவை அறுத்துப் பாருங்கள், அரை மணி நேரம்தான் ஆகும்.

இப்போது இரண்டு கேள்வி. 304 கதவுக்கு எந்த நட்? திரும்பி வந்த 150 கதவையும் காப்பாற்ற முடியுமா, இல்லை ஸ்கிராப்தானா?

பிரஸ்ஷாப்_சூளகிரி | புதன், இரவு 9.50

304-க்கு என்றே தனி நட் இருக்கிறது. கேட்டலாக்கில் எஸ்பி என்று வரும். சூட்டில் வைத்துக் கெட்டிப்படுத்தும் வகை ஸ்டெயின்லெஸ், ராக்வெல் பி 90 வரையுள்ள ஷீட்டில் பிடிக்கும். சாதாரண எஸ்எஸ் நட்டை விட விலை பல மடங்கு. அதைக் கோட் கொடுக்கும்போதே சேர்க்க வேண்டும், அப்புறம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். வாங்கும்போது டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். கையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பி நட்டைக் காந்தம் பலமாக இழுக்கும், 300 வரிசை நட்டை இழுக்காது, இழுத்தாலும் லேசாகத்தான். அது மட்டுமே சாட்சி இல்லை, சாதாரண ஸ்டீலையும் காந்தம் இழுக்கும். ஆனால் பெட்டி மாறிப்போனதை உடனே கண்டுபிடிக்கலாம்.

பழைய கதவின் அதே ஓட்டையில் எஸ்பி நட்டை அழுத்தாதீர்கள். ஒரு தடவை அழுந்திய விளிம்பு இன்னும் கெட்டியாகி, தடமும் விழுந்துவிட்டது. புது பல்லுக்குப் புது உலோகம் வேண்டும். ஓட்டையை 7 மிமீ ஆக்கி எம்5 எஸ்எஸ் ரிவெட் நட் போடலாம், உடம்பில் நர்லிங் (சொரசொரப்பான கோடுகள்) உள்ளதாகப் பாருங்கள். விளிம்பு பழைய தடத்தைக் கொஞ்சம் மறைக்கும். ஆனால் கஸ்டமரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு கதவில்கூடச் செய்யாதீர்கள். நேரில் போய், அறுத்த துண்டைக் கையில் கொடுத்துப் பேசுங்கள்.

தர_ஆய்வு_கிருஷ்ணகிரி | புதன், இரவு 10.10

போகும்போது டெஸ்ட் முடிவும் கொண்டு போங்கள். மெஷின் இல்லாமலேயே டார்க், அதாவது நட் எவ்வளவு முறுக்கு விசை தாங்கும் என்று, பார்க்க ஒரு வழி இருக்கிறது. எம்6 போல்ட்டில் ஒரு சாதா நட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். போல்ட்டைப் பெம் நட்டின் தலைப் பக்கத்திலிருந்து சில மரை இறக்குங்கள். சாதா நட்டைத் தலை மேல் இறக்கி இறுக்கி லாக் செய்யுங்கள். இப்போது டார்க் ரெஞ்சில் போல்ட்டைத் திருப்பினால் திருகு முழுக்கப் பெம் நட்டின் மேல்தான் விழும், ஷீட்டை எதுவும் நெரிக்காது. சாதாரணமாக ஸ்க்ரூ முறுக்கிப் பார்த்தால் ஷீட்டும் சேர்ந்து நெரிபட்டு, கெட்ட நட்டும் நல்ல நட் போலக் காட்டிவிடும்.

நட் வெளியே தள்ளுகிறதா என்பதற்கு ஆர்பர் பிரஸ்ஸில் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு செட்டப்பிலும் முதல் பீஸ், கடைசி பீஸ் இரண்டையும் இப்படிச் சோதித்து எடுத்து வைத்தால் கஸ்டமர் கேட்கும்போது காட்டலாம்.

சிட்கோ_தகடு | வெள்ளி, இரவு 8.20

போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

பகல் ஷிஃப்ட் பிளேட்டில் 15 நியூட்டன் மீட்டர் வரை ஏற்றினேன், அசையவில்லை. அவர்கள் ஸ்க்ரூ டிரைவரில் செட் செய்து வைத்திருப்பது 8. நைட் ஷிஃப்ட் பிளேட்டில் நான்குக்கே சுற்றியது. இரண்டையும் அவர்கள் முன்னாலேயே செய்து காட்டினேன். அறுத்த துண்டை அவர்களுடைய குவாலிட்டி மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை.

பகல் பிளேட் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நைட் பிளேட் 62 ஸ்கிராப், புதிதாகச் செய்து தருகிறேன், செலவு என்னுடையது. பழைய கதவில் ரிவெட் நட் போட எழுத்தில் சம்மதம் கொடுத்தார்கள், இந்த 150-க்கு மட்டும். இனி வரும் கதவுக்கு எஸ்பி. விலை வித்தியாசத்தில் பாதியை ஏற்கிறோம் என்றார்கள், மெட்டீரியல் மாற்றியது அவர்கள் என்பதால். பெங்களூர் டீலரிடம் 300 நட்தான் கையிருப்பில் இருந்தது, மீதி இரண்டு வாரம் ஆகும்.

சப்ளையரிடம் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அனுப்பிய நட்டில் ஒரு குறையும் இல்லை.

ஷாப்பில் செய்த மாற்றம்: பெம் ஓட்டை ஒவ்வொன்றையும் பஞ்ச் முடிந்ததும் பச்சை மார்க்கரால் வட்டம் போடுகிறோம். பச்சை இருந்தால் டீபர் பிட் கிட்டப் போகக்கூடாது. அதைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எழுதிப் பெஞ்சுக்கு மேல் ஒட்டியிருக்கிறோம். லேத்தில் இரண்டு பின் கடைந்து வைத்திருக்கிறோம், 6.40 உள்ளே போக வேண்டும், 6.48 போகக்கூடாது. அந்தப் பின் இரண்டும் இப்போது கெலமங்கலத்துப் பையன் பொறுப்பில்.

பிரஸ்ஷாப்_சூளகிரி | வெள்ளி, இரவு 8.45

நல்லது தம்பி. எம்6-க்கும் அதே மாதிரி இரண்டு பின் கடைந்துவிடுங்கள், 8.75-ம் 8.83-ம். கடைந்ததும் கெட்டிப்படுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். ரிவெட் நட் முதல் பத்துக் கதவு போட்டதும் படம் போடுங்கள், பார்க்கிறேன்.